சாயக்காரரும் சம்பந்தியம்மாவும்

சாயக்காரரின் கைகளுக்கும் முகத்துக்கும் நிறப் பொருத்தமே இருக்காது. மகள் கல்யாணத்துக்குக்கூட நீலக் கையோடுதான் போய் நின்றார். ஆற்றின் மேல்பக்கத்து ஊர் அவருடையது. தெரு முழுக்கச் சாயப்பட்டறைகள். மகளைக் கொடுத்திருந்ததோ அதே ஆறு கடலில் சேரும் இடத்தில், ஒரு மீனவர் வீட்டில். பட்டறைக் கழிவு அப்படியே ஆற்றில் இறங்கும். மகள் போனில் கேட்பாள்: "ஏம்பா, நேத்து சிவப்பா போட்டீங்களா?" அவரும் சிரிப்பார். போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்காது.

ஆற்றுக் கழிவைப் பற்றிப் பேச ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து அரசு ஒரு குழு அமைத்தபோது, மேல் ஊர் சார்பில் அவரைத் தள்ளிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், எதிர் நாற்காலியில் கீழ் ஊர் சார்பில் மகளின் மாமியார்! அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சம்பந்தி, வீட்டுக்கு வந்தா விருந்து. இங்க சண்டைதான், இப்பவே சொல்லிட்டேன்," என்றார் அந்தம்மா.

சொன்னபடி சண்டை நடந்தது. பட்டறைக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் என்றால் கட்டுப்படியாகாது என்றார் இவர். வலையில் மீனுக்குப் பதில் நுரைதான் ஏறுகிறது என்றார் அந்தம்மா. இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அரசுப் பொறியாளருக்குக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

சில கூட்டங்கள் இப்படியே போயின. ஒருநாள் சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தினார். "தனித்தனியா முடியாதுன்னா எல்லாரும் சேர்ந்து ஒண்ணு கட்டுங்களேன். குழி வெட்ட எங்க ஆளுங்க வருவாங்க."

கரையோர அரசு நிலத்தை வாங்கித் தருவதாகப் பொறியாளர் சொன்னார். சாயக்காரர் எழுந்தார். "என் பட்டறைக் குழாயை முதல்ல சேத்துக்குங்க."

ஊருக்குத் திரும்பியதும் தெருவே பிடித்துக்கொண்டது. "பொண்ணு குடுத்த இடம்னு விட்டுக்குடுத்துட்டீங்களா?"

"ஆமாய்யா. என் பொண்ணு அந்தத் தண்ணியிலதான் குளிக்கிறா. உங்க பொண்ணா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அதன் பிறகு ஒவ்வொரு பட்டறையாக வந்து சேர்ந்தது.

கீழ் ஊரிலிருந்து மண்வெட்டியோடு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேல் ஊர்ப் பெண்கள் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தார்கள். வேலை முடிவதற்குள் இரண்டு கல்யாணப் பேச்சுகூட நடந்துவிட்டது.

அடுத்த மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் மேல் ஊர் ஆற்றுத் துறையிலிருந்து கூச்சல். "மீனு! மீனு!" பட்டறைகளில் துணியைப் போட்டது போட்டபடி எல்லோரும் ஓடினார்கள். கூட்டத்தில் இடிபட்டபடியே சாயக்காரர் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார்.

"அது எங்க ஊர் மீனு சம்பந்தி, வழி தெரியாம வந்திருக்கு. திருப்பி அனுப்பிடுங்க!" என்றார் சம்பந்தியம்மா.

"வீடு தேடி வந்தவங்களை அனுப்புறதா? நீங்களும் கிளம்பி வாங்க!"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கினார்.