மேலே பிறந்தவள்

எர்பில் நகரின் நடுவே மேட்டின்மேல் நிற்கும் கோட்டைக்குத் தனியாக மதில் கிடையாது. மேட்டின் விளிம்பில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளின் முதுகுதான் மதில். பழுதுபார்க்க வேண்டுமென்று அரசாங்கம் எல்லோரையும் கீழே இறக்கியபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தொடரும் குடியிருப்பு அறுந்துபோகக் கூடாதென்று ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் மேலே விட்டுவைத்தார்கள். அது ருனாக்கின் குடும்பம்.

கிராமம் எரிந்து, அகதியாக வந்த வீட்டுப் பெண் அவள். அடிவாரத்தில் டீக்கடை நடத்தும் சாபிர் மாமாவுக்கு, எங்கள் பேச்சில் மாம் சாபிருக்கு, இது பொறுக்கவில்லை. அவர் மேலே பிறந்தவர். ருனாக் ரொட்டி வாங்க இறங்கினால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"அங்க பொறந்தவங்கதாம்மா கோட்டைக்காரங்க. நீங்க சும்மா காவலுக்கு இருக்கீங்க."

பக்கத்தில் தேன் விற்கும் எனக்கே எரிச்சலாக வரும். அவளோ ரொட்டியை வாங்கிக்கொண்டு மேடேறிவிடுவாள்.

அவள் உண்டானதும் தீர்மானித்தது ஒன்றே: பிள்ளை மேலேதான் பிறக்க வேண்டும். மருத்துவச்சி நஜிபா ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. வலி எடுத்த நாளில் நண்பகல் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை பார்ப்பாள். அதற்குள் பிறக்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

அன்று தேன் கொடுக்கப் போன நான் முற்றத்திலேயே நின்றுவிட்டேன். செங்கல் வளைவுக்கு உள்ளே ருனாக் முனகிக்கொண்டிருந்தாள். கீழே பள்ளிவாசலில் நண்பகல் பாங்கு எழுந்தது. கணவன் ஹேமின் சாவியை எடுத்துக்கொண்டு காரை நோக்கி ஓடினான். நஜிபா அவளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். ருனாக் தூணை இறுகப் பிடித்துக்கொண்டு, பாங்கு இன்னும் முடியவில்லை என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள். முடியவும் இல்லை. அதற்குள் குழந்தை அலறிவிட்டது. பெண் குழந்தை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கடைவீதி முழுக்கச் சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? முதல் ஆளாக நானே சாபிரிடம் போய்ச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் மாலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்தார், கையில் ஒரு தட்டு பக்லவா இனிப்பு. வாசலுக்கு வந்ததும் கண் கலங்கிவிட்டது.

"கோட்டைக்காரங்கங்கிற பேரே எங்களோட செத்துப்போயிடும்னு நெனச்சேன், ருனாக் கியான், கண்ணு. கோட்டைக்காரியைக் கொஞ்சம் பாக்கலாமா?"

ருனாக் குழந்தையை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்க மாம். செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இது அவ வீடு, நீங்க விருந்தாளி."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.