இசக்கிச்செல்வி போட்ட கோல்

இசக்கிச்செல்விக்குக் கால்பந்து தெரியாது. தூத்துக்குடியில் அவள் பி.காம் படிக்கும் மகளிர் கல்லூரியில் அநேகமாக யாருக்குமே தெரியாது. போன வருஷம் விளையாட்டு ஆசிரியை ஷீஜா முதன்முதலாக ஓர் அணி சேர்த்தார். பெயர் கொடுத்தவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பந்தை எறிந்தார். மற்றவர்கள் விலகினார்கள், இவள் பிடித்துவிட்டாள். ஆறுமுகநேரியில் அப்பா ராஜதுரையின் பலசரக்குக் கடையில், பரணிலிருந்து அவர் போடும் சோப்புப் பெட்டிகளைப் பிடித்துப் பழகிய கை. அன்றே அவள் கோல்கீப்பர்.

கேப்டன் ஞானசௌந்தரி மீனவக் குடும்பத்துப் பெண். அண்ணன்மார் கடற்கரையில் பந்தாடுவதைப் பார்த்து வளர்ந்தவள். அணியிலேயே விதிகள் பாதியாவது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

முதல் ஆட்டத்தில் செல்வி ஒரு பந்தைப் பிடித்தாள். பிடித்த சந்தோஷத்தில் அதை நெஞ்சோடு அணைத்தபடி நடுமைதானம் வரை ஓடினாள். நடுவர் விசில் ஊதியதைப் பாராட்டு என்று நினைத்துக் கையை வேறு ஆட்டினாள். ஒன்பது கோல் வாங்கித் தோற்றார்கள். திரும்பும் பேருந்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் ஒருத்திக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

அடுத்து ஆடியதெல்லாம் தோல்விதான். வாங்கும் கோல்கள் குறைந்தன. போட்ட கோல் மட்டும் ஒன்றுமில்லை.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது. சரக்கு எடுக்க வந்த ராஜதுரை வேலியோரம் வந்து நின்றார். கம்பத்துக்கு நடுவில் சும்மா நிற்பதற்கு என்ன பயிற்சி என்று வீட்டில் கேட்டவர் அவர்.

இரண்டு கோல் பின்தங்கியிருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு கச்சான் காற்று மண்ணை வாரிக்கொண்டு செல்வியின் முதுகுப்பக்கமிருந்து வீசியது. பந்து வெளியே போய், கோல்கிக் அடிக்க அவள் வந்தபோது ஞானசௌந்தரி ஓடிவந்தாள்.

"ஏளா, காத்து நம்ம பக்கம் நிக்கி. ஒசரமா அடி."

அடித்தாள். பந்து மேலே போனது, காற்று அதை வாங்கிக்கொண்டது. முன்னேறி நின்ற எதிரணி கோல்கீப்பரின் முன்னால் விழுந்து, அவள் தலைக்குமேல் எகிறி, வலைக்குள் உருண்டது.

ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. நடுவர் கையைக் காட்டியதும் அத்தனை பேரும் செல்விமேல் விழுந்தார்கள். ஷீஜா டீச்சர் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். எதிரணி கோல்கீப்பர்கூடச் சிரித்துவிட்டாள். எல்லாரையும் பிரித்து நிறுத்துவதற்குள் நடுவருக்கு வேர்த்துவிட்டது.

வேலியோரம் ராஜதுரை பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சது எம்மவ அண்ணாச்சி. கோல்கீப்பரு கோல் போட்டு நீங்க பாத்திருக்கியளா?"

மேற்கொண்டு கோல் விழவில்லை. ஜெயித்தவர்கள் அமைதியாகப் பேருந்தில் ஏறினார்கள். தோற்றவர்கள் செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். கேண்டீன்காரர் இவர்களுக்குத்தான் கோப்பை என்று நினைத்து எல்லாருக்கும் டீ கொடுத்தார், யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை ராஜதுரை கடை வாசலில் இரண்டு எண்ணெய் டின்களைக் கம்பமாக வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கோலை விளக்கிக்கொண்டிருந்தார். உளுந்து வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செயிச்சது ஆரு அண்ணாச்சி?" என்றாள்.

"அது அவங்கதாம்," என்றார் ராஜதுரை. "உளுந்து எம்புட்டு வேணும்?"