ஓட்டைப் பிரித்துக் காட்டிய லீலாபாய்

லீலாபாய் பாறசாலையை ஒட்டிய ஓர் ஊரில் பள்ளிக்கூடத்துக் கஞ்சிக்காரி. வரிசையைக் குலைப்பவன் ஹெட்மாஸ்டர் மகனே ஆனாலும் கரண்டி உயரும். அந்தக் கோபத்தை ஊர் முழுவதும் ஒன்றாகப் பார்த்தது, தொண்ணூற்று மூன்றில் துலாமாதமான ஐப்பசிக் காற்றில் அவர் வீட்டின் மேல் தெங்கு மரம் விழுந்த பிறகுதான்.

வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த இன்சூரன்ஸ் இருந்தது. ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள். அதுவரை எதையும் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூரை போனால் மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வந்தார்கள். சர்ச்சுக்கல்ல, கோயிலுக்குப் போகிற தங்கையனும் வந்தார். அவரவர் வீட்டுப் பின்புறம் அடுக்கி வைத்திருந்த ஓடுகளைக் கொண்டுவந்தார்கள். ஓட்டைத் தாங்கும் கழுக்கோல்களில் முறிந்தவற்றுக்கு மூங்கிலை வைத்துக் கட்டி, கூரையை மேய்ந்தார்கள். ஓடுகளைப் பிறகு திருப்பிக் கொடுத்தால் போதும். நொறுங்கியவற்றை இடைவழிச் சேற்றில் கொட்டி மிதித்தாயிற்று.

புதன்கிழமை இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், மலையாளி. கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கேடொந்நும் இல்லல்லோ."

"சாறே, இது ஊருக்காரங்களுக்க ஓடாக்கும். எனக்கது எல்லாம் பொடிஞ்சு போச்சு."

"நாட்டுகார் தந்நில்லே? பின்னே எந்தா நஷ்டம்?" என்று சிரித்தபடி பேனாவை மூடினார்.

லீலாபாய் வேலியருகே போய்க் கத்தினார்.

"எலே தங்கையா! வந்து உனக்க ஓட்டை எடுத்துட்டுப் போ!"

"இப்பளா அக்கா? மழை வருதே."

"மழை கம்பெனிக்க தலையிலயா பெய்யப்போவுது? ஏறுலே!"

தங்கையன் ஏறினார். சத்தம் கேட்டு மற்றவர்களும் ஓடிவந்தார்கள். ஓடுகள் கைமாறிக் கைமாறி இறங்கின.

"பாத்து இறக்குங்க மக்கா," என்றார் பக்கத்து வீட்டு ரத்னபாய். "எனக்கது உடைஞ்சா நானும் இன்சூரன்ஸ் கேப்பேன்."

கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு மேலே வானம் தெரிந்தது. மூங்கில் வைத்துக் கட்டிய கழுக்கோல்கள் விலா எலும்பு மாதிரி நின்றன. தூறலும் விழுந்தது.

"மதி, மதி! ஞான் எழுதாம்," என்று போதும் என்பதுபோல் கையைக் காட்டினார் சர்வேயர்.

"எழுதும். உள்ள வந்து நனைஞ்சிட்டு எழுதும்."

அவர் நனைந்துகொண்டே எழுதினார், படமும் எடுத்தார். ஜீப் போனதும் தங்கையன் மறுபடி ஏணியைச் சாய்த்தார். லீலாபாய் அதைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"ஒரு ஓடு வைக்கப்பிடாது. நாளைக்கு இவனுக்க மேல ஒருத்தன் வந்து, கேடு எங்கன்னு கேப்பான்."

வீடு திறந்தே கிடந்தது. தார்ப்பாயைக் கட்டிலுக்கு மட்டும் கட்டிவிட்டு, மழை கனத்தால் ரத்னபாய் வீட்டில் படுத்தார். தினமும் நனைந்த சேலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். யார் கேட்டாலும் கம்பெனியின் பெயரை உரக்கச் சொன்னார்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பணம் வந்தது, கேட்டதில் பாதி. அதற்குப் புது ஓடு இறக்கச் சொல்லிவிட்டு, மீதிக்குக் கம்பெனியின் பெரிய ஆபீசில் சண்டை போட லீலாபாய் திருவனந்தபுரம் பஸ்சில் ஏறினார்.