எடுக்குறது ஒரு கேமரா, பாக்குறது ஒரு கேமரா

பழசா புதுசா, எந்த வீடியோ கேமரா நல்லதுன்னா கேக்கீக? படத்துக்குப் புதுசு. பொழப்புக்கு எதுன்னு, கல்யாண மண்டபத்துல வீடியோ எடுத்து வசவு வாங்குற நம்ம ஆளுகளுக்குத்தான் தெரியும். ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி வியாபாரம் பாக்குற அண்ணாச்சிக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ கல்யாணத்தை நல்லா எடுத்துக் குடுத்தா, தையில வார சின்னவ கல்யாணமும் எனக்குத்தான்னு வாக்குக் குடுத்தாக. அதை நம்பித்தான் கேசட் கேமராவை மூலையில போட்டுட்டு, மெமரி கார்டு போடுற புதுசை வாங்குனேன்.

அளவு

ரெண்டுமே கையடக்கம்தான். பழசு செங்கல் தண்டி, புதுசு சோப்பு டப்பா தண்டி. பழசுல சரியா தாலி கட்டுறப்ப கேசட் தீந்துபோகும். "செத்த இருங்க சாமி"ன்னு ஐயர்கிட்ட கெஞ்சணும். புதுசுல அந்தத் தொல்லை கிடையாது. மூத்தவ நிச்சயதார்த்தத்துக்கு அதைக் கொண்டுபோனேன். அண்ணாச்சி கையில வாங்கி, எடை போடுற மாதிரி தூக்கிப் பாத்தாக. அதுல ஓடுற படத்தைப் பாக்கணும்னு மட்டும் தோணல.

"ஏன் தம்பி, பெரிய கேமராவை வேற கல்யாண வீட்டுக்கு அனுப்பிட்டீகளோ?"

வெளிச்சம்

பழசுக்கு லைட்டு போடாட்டி மொகமெல்லாம் கரிக்கட்டை. புதுசுக்கு மண்டபத்து டியூப்லைட்டே போதும். அதனால மூத்தவ கல்யாணத்தன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துல லைட்டு போடல. மாப்பிள்ளையோட பெரியம்மா மேடையில குத்துவிளக்கை நீட்டுனாக. மாப்பிள்ளை வாங்குதாரு, இவிய விடல. ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கிட்டு என்னையவே பாக்காக. பின்னால வரிசை சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் நிக்கு. "எடுத்தாச்சும்மா, எறங்குங்க"ன்னேன்.

"ஏலே, மூஞ்சியில வெளிச்சமே விழல, என்னத்தலே எடுத்த?"

ரெண்டும்

மதியம் அண்ணாச்சி தனியா கூப்பிட்டு, பெரிய கேமரா வரலைன்னா சின்னவ கல்யாணத்துக்கு வேற ஆளுன்னுட்டாக. காசு போட்டுப் புதுசு வாங்குனவனுக்கு எம்புட்டு எரியும்? சாயங்காலம் ரிசப்ஷன்ல பழசை ஸ்டாண்டுல மாட்டி, பளீர்னு லைட்டையும் போட்டேன். உள்ள கேசட்டே கிடையாது. பக்கத்துல நின்னு புதுசுல எடுத்தேன். சனம் அம்புட்டும் காலிக் கேமராவைப் பாத்துப் பல்லைக் காட்டுச்சு.

இப்பத்தான் என் கடையில அண்ணாச்சிக்குப் போட்டுக் காட்டுனேன். படம் கண்ணாடி மாதிரி. ஆனா பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி, ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் ஓரமாவே பாக்காக. அண்ணாச்சி கடைசி வரைக்கும் பொறுமையா பாத்தாக.

"இந்த டப்பால எடுத்தது கோணலாத்தான் இருக்கு தம்பி. பெரிய கேமராவுல நேரா விழுந்திருக்கும்லா, அந்தக் கேசட்டைப் போடுங்க."

தேடி எடுத்துட்டு வாரேன்னு இந்த உள்ரூமுக்கு வந்தவன்தான், உங்ககிட்டப் பேசிக்கிட்டு நிக்கேன். இல்லைன்னு சொன்னா சின்னவ கல்யாணம் போச்சு. சொல்லாட்டியும் காட்ட ஒண்ணும் கிடையாது. ஆக, படம் எடுக்கப் புதுசை வாங்குங்க, படம் எடுக்குதீகன்னு ஊரு நம்பப் பழசையும் விக்காம வச்சுக்கோங்க.

"தம்பி, கேசட் ஆப்டுச்சா?"

"இந்தா வாரேன் அண்ணாச்சி."