உட்கார்ந்திருக்கும் கண்ணுக்கு ஒரு வீடு

1. திறக்காத ஃபைல்

பந்தல்குடி வீட்டுக்காரர்கள் கீழே வந்து இறங்கிவிட்டார்கள் என்று போன் வந்தபோது என் லேப்டாப்பில் அவர்கள் வீட்டு ஃபைல் திறக்க மறுத்துக்கொண்டிருந்தது. ஸ்கிரீன் வெள்ளையாகும், கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு தானாக மூடிக்கொள்ளும்.

அருப்புக்கோட்டையில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டு பிளான் வரைகிறேன். டிரேசிங் பேப்பரில் ஆரம்பித்து இன்றைய த்ரீடி வரைக்கும் இதே வேலைதான். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சாஃப்ட்வேரை என்னைவிட வேகமாக ஓட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம் இந்த மாதிரி நாட்களில் கற்றதுதான்.

வீட்டுக்காரர் பெயர் தவசி. லாரி டிரைவர். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி மனை வாங்கி, முதல் தடவை தனியாக வந்து பிளான் சொல்லிவிட்டுப் போனார். நான் த்ரீடி படத்தைப் போனில் அனுப்பினேன். அதைப் பார்த்த அவர் மகள் பவித்ரா தானே நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். காலேஜ் முடித்த வருடம் வண்டியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். எங்கள் ஆபீஸோ மாடியில்.

ஃபைல் ஏன் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் இன்ஜினியர் சாருக்குப் படத்தில் பச்சை வேண்டும். முந்தின நாள் இணையத்திலிருந்து ஏழெட்டு மரமும் ஒரு புல்தரையும் இறக்கி முன்பக்கம் வைத்திருந்தார். சீமைக்கருவேலைத் தவிர ஒன்றும் கண்ணில் படாத இடத்தில், இலை இலையாக வரைந்த வெளிநாட்டு மரங்கள். ஒவ்வொரு இலையையும் கணக்குப் போட்டுத்தான் லேப்டாப் மூச்சு வாங்கியது.

இந்த நேரத்தில் ஃபைலை மறுபடி மறுபடி கிளிக் செய்யக் கூடாது. அதே ஃபோல்டரில் சாஃப்ட்வேர் தானாகச் சேமித்து வைத்த பேக்கப் இருக்கும். அதை வேறு பெயரில் காப்பி எடுத்து, காப்பியைத்தான் திறக்க வேண்டும். திறந்தேன். மரங்கள் வருவதற்கு முந்திய வீடு முழுசாக இருந்தது. சாரிடம் மரத்தைக் கடைசியில் படம் எடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். மெடிக்கல் ஷாப் நிழலில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டு அதன்மேல் வைத்தேன்.

2. காமிரா

வீட்டுக்குள் நடந்து பார்ப்பது மாதிரி ஒரு வசதி சாஃப்ட்வேரில் உண்டு. மவுஸைப் பவித்ரா கையில் கொடுத்தேன். அவள் ஆரி வேலை செய்கிறவள், சட்டையில் ஊசியால் பூ போடும் கை. ரெண்டு நிமிஷத்தில் பழகிக்கொண்டு ஹால், சமையல்கட்டு, முன் ரூம் என்று சுற்றி வந்தாள். அவள் அம்மா முத்துமாரி பின்னால் நின்று, நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பவித்ரா மட்டும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்குக்கா. ஆனா இது நின்னுக்கிட்டு பாக்குற மாதிரி இருக்கு."

அவள் சொன்னது சரி. காமிராவின் உயரம் ஐந்தரை அடி என்று சாஃப்ட்வேரே வைத்திருக்கும். நாம் மாற்றுவதில்லை. நமக்கு அது நம் கண் உயரம்தானே. செட்டிங்ஸில் போய் மூன்றே முக்கால் அடி என்று போட்டுவிட்டு, மறுபடி சுற்றி வரச் சொன்னேன்.

வீடு வேறு வீடாகிவிட்டது. சமையல் மேடை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. ஸ்விட்ச் போர்டு தலைக்குமேல் போனது. அவள் ஆரி சட்டத்தைப் போட்டு உட்காரப்போகிற முன் ரூமுக்கு வந்து ரோட்டைப் பார்த்த சன்னல் பக்கம் திருப்பினாள். உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று தவசி சொல்லி, அந்தச் சன்னலைத் தரையிலிருந்து நாலடிக்கு மேலே வைத்திருந்தேன்.

"எனக்கு வானம் மட்டும்தாங்க்கா தெரியுது," என்றாள்.

தவசி குனிந்து ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு மகள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து மறுபடி பார்த்தார். சன்னலை இறக்கச் சொன்னது அவர்தான். அங்கேயே ரெண்டடிக்கு இறக்கினேன். ரோடு தெரிந்தது.

3. பேஸ்மட்டம்

சன்னலுக்குச் சட்டென்று ஒத்துக்கொண்டவர் பேஸ்மட்டத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுத் தரை ரோட்டிலிருந்து மூன்றடி ஒசரம் இருக்க வேண்டும் என்பது முதல் நாளே அவர் சொன்னது. ரோடு போடும்போதெல்லாம் ஒசந்துகொண்டே போகிறது, நம் ஊரில் மழை வராது, வந்தால் ஒரே நாளில் கொட்டும், தண்ணி வீட்டுக்குள் வந்தால் யார் இறைப்பது என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. அந்த ரோட்டில் பள்ளமாகிப்போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் நாற்காலி ஏற சாய்தளம் வேண்டும். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. மூன்றடிக்கு முப்பத்தாறு அடி. சாஃப்ட்வேரில் வரைந்து காட்டினேன். அது முன்வாசலிலிருந்து நேரே கிளம்பி, காம்பவுண்டைத் தாண்டி, நடு ரோட்டில் போய் நின்றது.

"அப்ப அது வேணாம் மேடம்," என்றார் தவசி. "படியே போட்டுருங்க. பாப்பாவ நாங்க தூக்கிக்கிருவோம். இத்தன நாளு தூக்கலையா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மகளைத் தூக்குவது அவருக்குப் பாரமில்லை என்பதைத்தான் சொன்னார். பவித்ரா மவுஸை ஸ்டூலில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"தூக்குறதுக்கு நீங்க வீட்ல இருக்கணும்லப்பா. நீங்க லோடு ஏத்திக்கிட்டு போயிருவீக. அம்மா களையெடுக்க போயிரும். நான் வாசலுக்கு வரணும்னா யாரு வருவாகன்னு பாத்துக்கிட்டு இருக்கணும்."

முத்துமாரி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். தவசி எழுந்து எதிர்த்த டீக்கடைக்குப் போனார். இந்த மாதிரி சமயத்தில் பிளானை மாற்றிக் காட்டுகிறேன் என்று நாம் நடுவில் பாயக் கூடாது. குடும்பம் பேசி முடிக்கட்டும் என்று சும்மா இருந்தேன்.

தவசி ரொம்ப நேரம் கழித்து எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். மகளுக்குக் கொடுத்துவிட்டு என்னிடம், "ஒண்ணரை அடி போடுங்க மேடம். தண்ணி வந்தா பாத்துக்கிருவோம்," என்றார்.

இன்ஜினியர் சார் இதைக் கேட்டதும் மறுநாளே தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபோடு மனைக்குக் கிளம்பினார். நானும் போனேன். சாஃப்ட்வேர் எல்லா நிலத்தையும் மேஜை மாதிரி சமமாகத்தான் எடுத்துக்கொள்ளும். நிஜ நிலம் அப்படி இல்லை. முன்னால் இருபதடி விட்டு வீடு வரும் இடத்தில் மட்டம் பார்த்தால், கரிசல் தரை மெல்ல ஏறி ஏற்கெனவே ரோட்டைவிட ஒரு அடி மேலே இருந்தது; அந்தச் சரிவில் நாற்காலி தானாக ஏறிவிடும். அதற்குமேல் ஒன்றரை அடி. ஆக, வீட்டுத் தரை ரோட்டிலிருந்து ரெண்டரை அடி. தவசி கேட்டதில் அரை அடிதான் குறைந்தது. சாய்தளம் பதினெட்டு அடியில் வடக்குச் சந்துக்குள்ளேயே அடங்கி, முன் ரூமின் பக்கக் கதவில் போய்ச் சேர்ந்தது.

சார் தவசியைக் கூப்பிட்டு மட்டத்தை அவர் கண்ணாலேயே பார்க்கச் சொன்னார். "நேத்தே இதப் பாத்திருந்தா நான் டீக்கடையில அம்புட்டு நேரம் உக்காந்திருக்க மாட்டேன் சார்," என்றார் அவர். மூவரும் சிரித்தோம்.

4. கதவு

நடந்து பார்க்கும் வசதியில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. நாம் எங்கேயும் இடிக்க மாட்டோம். கதவு குறுகலாக இருந்தாலும் காமிரா புகுந்து போய்விடும். சுவரையே துளைத்துக்கொண்டும் போகும். அதனால் முந்தின நாள் டீ குடித்து முடித்ததும் மெடிக்கல் ஷாப் நிழலிலேயே பவித்ராவின் நாற்காலியை டேப் வைத்து அளந்திருந்தேன். சக்கரத்தைத் தள்ளும் வளையம் வரைக்கும், அதைப் பிடித்திருக்கும் அவள் விரல் முட்டி வரைக்கும். அந்த அளவில் ஒரு பெட்டி வரைந்து வாசல் வாசலாக நகர்த்தினேன். பாத்ரூமில் இடித்தது.

எல்லா வீட்டுக்கும் போடுகிற மாதிரி ரெண்டரை அடிக் கதவுதான் போட்டிருந்தோம். சாஃப்ட்வேரில் ரெண்டரை அடி என்றால் அது நிலையோடு சேர்ந்த அளவு. ரெண்டு பக்கமும் நிலைக்கட்டை போக உள்ளே கிடைப்பது ரெண்டடிதான். கதவை மூன்றேகால் அடியாக்கி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தேன். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். அதற்கு இடம் எங்கே எடுப்பது என்று யோசித்தபோது முத்துமாரி அன்று முதல் தடவையாகப் பிளானுக்கு ஒரு யோசனை சொன்னார். மூட்டை போடும் அறையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்க, மூட்டை எங்கயும் கிடக்கும் என்றார்.

5. பால் காய்ச்சிய அன்று

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்கும் முதல் கோடு போடுவதற்குமுன் கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில் அதிக நேரம் யார் இருப்பார்கள், அவர்கள் நிற்பார்களா, உட்கார்வார்களா, தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பார்களா? அந்தக் கண் உயரத்துக்குக் காமிராவை வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். மற்ற டிப்ஸை எந்த வீடியோவிலும் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் வீட்டுக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பால் காய்ச்சுக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவித்ரா பட்டுப் பாவாடையில் எண்ணெய் சிந்திவிட்டது என்று உள்ளே போனாள். முத்துமாரி பேச்சை விட்டுவிட்டு, எப்போதும்போல அவளுக்குக் கைகொடுக்க வேகமாகப் பின்னால் போனார். பாத்ரூம் கதவு அவர் முகத்துக்கு முன்னால் மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"அம்மா, நீ போ. நான் வாரேன்."

முத்துமாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "தாப்பா போட்டுக்கிட்டா," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. வந்தவர்களுக்குப் பால் ஊற்றப் போய்விட்டார்.