நலம்... ஆனால்!

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், விருதுநகர் பஜாரில் மிளகாய் வற்றல் மூட்டைகளைத் தாண்டித் தாண்டி பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். தும்மக்கூட நேரமில்லை.

என் வீட்டுக்காரர் துவரை லோடு பார்க்கக் கடல் தாண்டி டார் எஸ் சலாம் போயிருந்தார். ‘லேசா காய்ச்சல் அடிக்குது’ என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னவர்தான்... அப்புறம் செல்போன் ஸ்விட்ச் ஆஃப். லாட்ஜ் போனை யாரும் எடுக்கவில்லை. கூட்டிப்போன புரோக்கரோ வேறு ஊரில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டார் எஸ் சலாமில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நேமா. ஸ்கூல் டீச்சர். தெரியும் என்றால் — முகம் தெரியாது, குரல் தெரியாது!

வியாபாரத்துக்கு உதவுமே என்று அந்த ஊர் பாஷையான சுவாஹிலியை நாங்கள் பழகிய இடம் ஒன்று இன்டர்நெட்டில் உண்டு. படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். ‘வடக்கே போ’ என்று டைப் அடித்தால் சந்தை வரும். ‘உட்கார்’ என்றால் மாமரத்தடியில் உட்கார்ந்ததாகக் கணக்கு. அங்கே இருப்பவர்களோடு சுவாஹிலியில் மட்டும்தான் பேச வேண்டும். வீட்டுக்காரர் இரண்டாம் நாளே நழுவிவிட்டார். நான் விடவில்லை.

நல்லவேளை, மாமரத்தடியில் நேமா இருந்தாள்.

“வீட்டில் எப்படி?” என்று கேட்டாள்.

“ந்ஸூரி” என்று அடித்தேன். அதாவது, நலம்!

எது நலம்? எல்லாம் பழக்க தோஷம். அவள் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. யார் விசாரித்தாலும் முதலில் ‘நலம்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். தலைபோகிற விஷயமென்றாலும் அதற்கப்புறம்தான் ‘லாகினி’... ‘ஆனால்’. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? “சாப்பிட்டீகளா?” என்றால், பட்டினி கிடப்பவரும் “ஆச்சு” என்றுதானே சொல்கிறார்?

என் ‘நலத்தை’ நம்பி நேமா வாழைப்பழம் உரிக்க ஆரம்பித்தாள் — எழுத்தில்தான்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

“அக்கா, பேட்டரி தாங்காது. சட்டுனு முடிங்க!” என்றார் சென்டர்க்காரர்.

‘லாகினி’ என்று அடித்தேன். கணவர். காய்ச்சல். லாட்ஜ் பெயர். தயவுசெய்து. இலக்கணமாவது ஒன்றாவது! அவசரத்தில் பாதி எழுத்து தப்பு.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது: ‘நேமா எழுந்து வெளியே போகிறாள்.’

அவ்வளவுதான், மானிட்டர் இருண்டது.

சொல்லிக்கொள்ளாமல் போகிறவளே இல்லை அவள். புரிந்துதான் போனாளா? இல்லை, இதென்னடா தொல்லை என்று கிளம்பிவிட்டாளா? வீட்டுக்கு வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மணி அடித்தது. அவர்தான்! குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மலேரியாவாம். ஆஸ்பத்திரியில இருக்கேன், பயப்படாத. யாரோ ஒரு டீச்சரம்மா லாட்ஜுக்கு வந்து, கதவத் தொறக்கச் சொல்லிக் கூட்டியாந்தாக. கஞ்சி வேற கொண்டாந்திருக்காக. நீ சொல்லித்தான் வந்தாகளாம்... அவுகள உனக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு அழுகைதான் வந்தது.

“சரி, சரி... அழுவாத. நீ சாப்பிட்டியா?”

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“ஆச்சுங்க” என்றேன்.