வெறும் வயிற்றோடு நடந்த வெள்ளிக்கிழமை

என் மனைவி ரூபிக்கு ஏதோ கோளாறு என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது அவளுடைய கைக்கடிகாரம்தான். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் அது முழங்கை வரை சரிந்து வந்துவிடும். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். பட்டையில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று கேட்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், ஆனாலும் இளைத்தாள். பள்ளிக்கு எடுத்துப்போகும் கூஜாத் தண்ணீர் முதல் மணி அடிப்பதற்குள் காலியாகிவிடும். "உன் வகுப்பில் உட்கார்ந்தால் எனக்கும் தொண்டை வறண்டுதான் போகும்" என்று கேலி செய்தேன். நான் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மின்சார ரயிலில் போய்வரும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் அவளைக் கேலி செய்வதுதான் என் உத்தியோகம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பேசவும் சண்டை போடவும் நாங்கள் இருவர்தான்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, நீரிழிவு என்றார்கள். அது அறுபதுகளின் கடைசி. சர்க்கரை வியாதி என்பது பணக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. டாக்டர் நிதானமானவர். இன்சுலின் (உடலே சுரக்க வேண்டிய, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் நீர்) தினமும் காலையில் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

"ஊசியை மட்டும் நம்பாதீங்கம்மா. நடக்கணும். டிபன் சாப்பிட்டுட்டு, கொஞ்சம் பொறுத்து, வியர்க்கிற மாதிரி நடங்க. ஊசியும் சர்க்கரையை இறக்கும், நடையும் இறக்கும். அதனால வெறும் வயித்துல நடக்கவே கூடாது. கையில எப்பவும் கற்கண்டு இருக்கட்டும்."

ரூபி நல்ல மாணவியைப்போலத் தலையாட்டினாள்.

நடப்பது எங்கே? அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காரணமில்லாமல் தெருவில் நடக்க முடியாது. எதிரில் வருகிற எல்லோரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் ஏதோ தகராறு என்று நினைத்துவிடுவார்கள். நோயைச் சொல்லவும் அவளுக்கு மனமில்லை. ஆகவே ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு சேலையூர்ச் சாலையில் நடந்தாள். பள்ளி நாட்களில் சாயங்கால டிபனுக்குப் பிறகு, விடுமுறையில் காலையில்.

சாலையோரத்தில் கீரை விற்கும் கன்னியம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, தெனம் பையத் தூக்கிகினு போறே, காலியாவே எட்த்துகினு வர்றே? எதுனா தொலைச்சிட்டியா?"

அதன்பின் துணைக்கு நானும் சேர்ந்துகொண்டேன். புருஷன் கூட வந்தால் அது உலாவல். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இதற்காக ஒரு ரயில் முன்னதாகவே ஆபீஸிலிருந்து கிளம்பிவிடுவேன்.

வீட்டுக்குள்ளும் பயிற்சி உண்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவாள். நாற்காலியில் உட்கார்ந்து பாதங்களைச் சுழற்றுவாள். கால்களில் இரத்த ஓட்டம் குறையாமலிருக்க அது அவசியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால்விரல் இடுக்குகளைத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் சுழற்றுவதைப் பார்த்து நானும் சுழற்றுவேன். எனக்குச் சுளுக்கு வந்ததுதான் மிச்சம்.

வீட்டிலேயே சிறுநீர் பரிசோதனை. பெனடிக்ட் கரைசல் (சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் நீல மருந்து) கொஞ்சம், சிறுநீர் சில துளி, சோதனைக்குழாயில் விட்டு விளக்கில் காய்ச்ச வேண்டும். ஆரம்பத்தில் செங்கல் நிறம் வந்தது. நடக்க ஆரம்பித்துச் சில மாதங்களில் மஞ்சள், பிறகு பச்சை. ஒருநாள் நீலம் நீலமாகவே நின்றது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரூபி சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. டாக்டர் ஊசி மருந்தின் அளவைக் குறைத்தார். கடிகாரம் மணிக்கட்டிலேயே நின்றது.

உண்மையைச் சொன்னால், கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியது அந்த நடையில்தான். வீட்டில் பேச்சு அரிசி, வாடகை என்று முடிந்துவிடும். ஏரிக்கரைப் பக்கம் வரும்போது அவள் பாளையங்கோட்டையில் கழித்த பள்ளி நாட்களைச் சொல்வாள். நோய்க்கு நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்படி நினைத்ததற்காக இன்றும் என் வாயில் அடித்துக்கொள்கிறேன்.

பிறகு அந்தப் பெரிய வெள்ளி வந்தது.

எங்கள் சபையில் பெரிய வெள்ளியன்று உச்சிவேளையிலிருந்து மூன்று மணி வரை சிலுவைத் தியானம் நடக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கங்கள். அது முடியும் வரை பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காதவர்கள் நிறையப் பேர். முடிந்ததும் கோயில் முற்றத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். ரூபி சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே அந்த உபவாசத்தை விட்டதில்லை.

அன்று காலை வழக்கம்போல ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துத் தானே தொடையில் போட்டுக்கொண்டாள். ஒருநாள்கூடத் தவறக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. கற்கண்டு டப்பாவை மட்டும் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். உபவாச நாளில் தின்பண்டத்தோடு கோயிலுக்குப் போவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒரு இட்லியாவது சாப்பிட்டுட்டு வாயேன், ரூபி."

"மூணு மணிக்குக் கஞ்சி குடிக்கத்தானே போறேன்? அதுக்குள்ள என்னங்க ஆயிடப்போகுது? வாங்க, நடந்தே போயிடலாம். இன்னைய நடையும் ஆச்சு."

டாக்டருக்கும் கீழ்ப்படிந்தாள், சபைக்கும் கீழ்ப்படிந்தாள். ஒன்றில் கொஞ்சம் ஏமாற்றத் தெரிந்திருந்தால் தப்பித்திருப்பாள். நேர்மையானவர்களுக்குத்தான் இந்த நோய் பொல்லாதது.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அன்று பெண்களெல்லாம் வெள்ளைப் புடவையில் முக்காடிட்டிருந்தார்கள். மூன்றாம் வார்த்தையின்போது அந்தப் பக்கம் பார்த்தேன். முன்பெஞ்சின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக் குனிந்திருந்தாள். ஐந்தாம் வார்த்தையிலும் அப்படியே இருந்தாள். இவளுக்கு இருக்கும் பக்தி நமக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லீலா. அதே பள்ளியில் தமிழ் டீச்சர். ரூபியின் நோய் அவருக்கும் தெரியாது. ரூபிக்கு வியர்த்து ஊற்றியதை அவர் பார்த்திருக்கிறார். ஏப்ரல் வெயிலில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? தோள்கள் குலுங்கியதையும் பார்த்திருக்கிறார். சிலுவைத் தியானத்தில் பெண்கள் அழுவது வழக்கம். ஜெபத்தில் இருப்பவரைத் தொடக்கூடாதென்று சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டிருக்கிறார். அது மரியாதை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். லீலாவிடம் இதைப் பலமுறை சொல்லிவிட்டேன்.

கஞ்சி வாங்கிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். பெண்கள் பக்கத்து வாசல் காலியாகிக்கொண்டிருந்தது. லீலா மட்டும் ஓடிவந்தார்.

"அண்ணா, அக்கா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. கூப்பிட்டாலும் திரும்பல."

சபையார் ஒருவரின் காரில் கொண்டுபோனோம். ஹைப்போகிளைசீமியா (இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது) என்றார் டாக்டர். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பெரும்பாலானவர்கள் ஊசி இறங்கும்போதே கண் விழித்துவிடுவார்களாம். ரூபி விழிக்கவில்லை.

"மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடு" என்றார் டாக்டர். தாழ்வாரத்தில் என் தோளைப் பிடித்திருந்தார். "ரொம்ப நேரம் கிடைக்காமப் போயிடுச்சு. எழுந்திருப்பாங்க. எப்படி எழுந்திருப்பாங்கன்னுதான் என்னால சொல்ல முடியல."

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் கண் திறந்தாள். சபையிலிருந்து வந்தவர்கள் அற்புதம் என்றார்கள். நான் அழுதுகொண்டே அவள் முகத்தருகே குனிந்தேன். அவள் மரியாதையாகக் கேட்டாள்: "சார், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். அது மயக்கமில்லை.

உடம்பு மெல்லத் திரும்பியது. அதே ஜன்னல் கம்பியைப் பிடித்து முதலில் நிற்கக் கற்றாள், பிறகு குதிகாலை உயர்த்தினாள். பெருக்கல் வாய்ப்பாடு பிசகாமல் வருகிறது. ஞாயிறு பள்ளிப் பாட்டுகள் வருகின்றன. பாளையங்கோட்டை வீட்டுக் கிணற்றடி நினைவிருக்கிறது. தனக்குக் கணவன் உண்டு என்றும் தெரிகிறது. அவன் சுருட்டை முடிக்காரன், இளைஞன். எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமா சார், இவர்தான். உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

நான் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டேன்.

பேர் சொல்லி அழைத்தால் முகம் சுளிக்கிறாள். அறியாத ஆண் ஒருவன் ரூபி என்று கூப்பிடலாமா? ஆகவே டீச்சர் என்கிறேன். ஊசியைக் கண்டால் திரும்பிக்கொள்கிறவன் நான். இப்போது நானே போடுகிறேன். போட்டுவிட்டு, அவள் கடைசிக் கவளம் விழுங்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் ஊசியும் நடையும் இருக்கலாம். விரதம், நோன்பு, உபவாசம் எதுவானாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருகிறவரிடமும் நோயைச் சொல்லிவையுங்கள். வியர்த்து, நடுங்கி, பேச்சில்லாமல் குனிந்திருந்தால், பூஜையோ ஜெபமோ தொழுகையோ, தயவுசெய்து தொட்டு எழுப்புங்கள். விழுங்க முடிந்தால் சர்க்கரை கொடுங்கள். முடியாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நாங்கள் இன்றும் நடக்கிறோம், டிபனுக்குப் பிறகு. அவளுடைய நடை மாறவேயில்லை. இடது காலைச் சற்று வேகமாக எடுத்து வைக்கிற அதே நடை. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அவள் கை தானாக என் சட்டைக் கையைப் பிடிக்கிறது. கேட்டைக் கடந்ததும் பிடித்த கையைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு விலக்கிக்கொள்கிறாள். அந்தக் கைக்கு என்னைத் தெரியும். அவளுக்குத்தான் தெரியவில்லை. என் வயது ஏறிக்கொண்டே போக, அவளுடைய கணவன் அதே வயதில் நின்றுவிட்டான்.

போன வாரம் மதகுத் திட்டில் உட்கார்ந்து இளைப்பாறினோம். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்கு சார் தினமும் இவ்வளவு சிரமம்? உங்க வீட்ல தேட மாட்டாங்களா? அவர் வந்துட்டா நான் அவர்கூடவே நடந்துப்பேன்."

கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன். "அவர் வரலைன்னா, டீச்சர்?"

தப்பாகக் கணக்குப் போட்ட மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கோபத்தில் குரல் தெளிவாக வந்தது, பழைய ரூபியின் குரல்.

"நல்லா இருக்கு நீங்க பேசுறது. என்னை விட்டுட்டு ஒரு நாள்கூட இருக்க முடியாது சார் அவரால."

"தெரியும் டீச்சர்" என்றேன்.